முகாம் மக்களுக்கு உதவ ஆறு வழிகள்: பொருள், பணம், படிப்பு, நேரம், வேலை, விழிப்புணர்வு – எது யாருக்கு ஒத்துவரும்?

ஜூன் 20 உலக அகதிகள் தினம். அதை ஒட்டி ஒவ்வொரு வருஷமும் இந்த மாதிரிக் கேள்விகள் வரும். "ஆபீஸ்ல ஐம்பதாயிரம் சேர்ந்திருக்கு, பக்கத்து முகாமுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" "தொண்டு நிறுவனத்துக்குப் பணமா அனுப்பினா போய்ச் சேருமா?" "எங்க காலேஜ் நிகழ்ச்சிக்கு முகாம் பிள்ளைகளை மேடையேத்தலாமா?" கேட்பவர்கள் எல்லோருக்கும் நல்ல மனசுதான். எந்த வழியில் இறங்குவது என்பதில்தான் தடுமாற்றம்.

இந்த ஒப்பீடு தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களை மனதில் வைத்து எழுதியது. உலகம் முழுக்க 2024 முடிவில் 12 கோடியே 32 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டிருந்தார்கள் என்கிறது ஐ.நா. அகதிகள் அமைப்பு. அவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. கும்மிடிப்பூண்டியோ, பவானிசாகரோ, திருச்சி கொட்டப்பட்டோ, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு முகாம் இருக்கிறது என்றால் எடுக்கலாம்.

## முதலில், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு முதல் கூட்டம் வந்தது. 1990-இல் இன்னொன்று, தொண்ணூறுகளின் நடுவில் இன்னொன்று, 2006-இல் போர் மறுபடி மூண்டபோது இன்னொன்று. 2022 பொருளாதார நெருக்கடியிலும் தனுஷ்கோடிக் கரையில் சில குடும்பங்கள் இறங்கின. 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் 108 முகாம்களில் ஏறக்குறைய 58,800 பேர். முகாமுக்கு வெளியே போலீஸ் பதிவோடு வாழ்பவர்கள் சுமார் 34,000 பேர்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு உதவ வருபவர்கள்தான் அதிகம். அது சரியில்லை. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் முக்கியமான பகுதி. திண்டுக்கல் தோட்டனூத்தில் மட்டும் 321 வீடுகள் 2022-இல் திறக்கப்பட்டன. மாதாந்திரப் பணக்கொடையும் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500. ரேஷன் அரிசி உண்டு. அரசுப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடுதான் முகாம் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

இல்லாதது வேறு. குடியுரிமை இல்லை. அதனால் இந்திய பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி நின்றுவிட்டது. இலங்கை அதில் கிடையாது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து நிபந்தனை இன்னும் கடுமை. ஆக, இந்த மண்ணிலேயே பிறந்து, இலங்கையைக் கண்ணால் பார்க்காமல், முப்பது வயதைத் தொட்டவர்களும் காகிதத்தில் அந்நியர்தான்.

கீழே ஆறு வழிகளையும் இந்த இல்லாமையை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும். முகாமில் இருப்பவர்களே கேட்ட உதவியா, நாமாக யோசித்ததா? நாம் கிளம்பிய பிறகும் நிற்குமா? நமக்கோ அவர்களுக்கோ முதலில் கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? உள்ளே போக அனுமதி வேண்டுமா? வாங்குகிறவர் தலைகுனியாமல் வாங்க முடியுமா? கடைசிக் கேள்விதான் அளக்கக் கஷ்டமானது. என் கணக்கில் அதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

| வழி | யாருக்குப் பொருந்தும் | வெளியே தெரியாத செலவு | எவ்வளவு காலம் கட்டுப்பட வேண்டும் | முகாம் அனுமதி |
|---|---|---|---|---|
| பொருள் கொடுப்பது | தீ, புயல், வெள்ளம் நேரத்தில் யாரும் | வேன் வாடகை, பங்கீட்டுச் சண்டை | ஒரு நாள் | வேண்டும் |
| நிறுவனத்துக்குப் பணம் | நேரம் இல்லாத, மாதச் சம்பளக்காரர் | நிர்வாகச் செலவு, விசாரிக்கும் வேலை | உங்கள் விருப்பம் | வேண்டாம் |
| மாணவருக்குப் படிப்புச் செலவு | நிலையான வருமானம் உள்ள குழு | நடுவில் நிறுத்தினால் படிப்பே போகும் | மூன்று, நான்கு வருஷம் | பெரும்பாலும் வேண்டாம் |
| நேரமும் தொழிலறிவும் | ஆசிரியர், வக்கீல், ஆடிட்டர் | பயணம், தொடர்ச்சி | குறைந்தது ஒரு கல்வியாண்டு | வேண்டும் |
| வேலை கொடுப்பது | தொழில் நடத்துபவர், எச்.ஆரில் இருப்பவர் | ஆவணச் சிக்கல், முகாமில் ஆள் தணிக்கை நாளில் விடுப்பு | தொடர்ந்து | வேண்டாம் |
| விழிப்புணர்வு | பள்ளி, கல்லூரி, குடியிருப்போர் சங்கம் | முகம் வெளியே தெரிவதால் வரும் ஆபத்து | ஒரு நாள் முதல் | முகாமில் நடத்தினால் வேண்டும் |

## பொருள் கொடுப்பது

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிறந்த நாளுக்குப் பிரியாணி, தீபாவளிக்குப் பழைய துணி, ஜூனில் நோட்டுப் புத்தகம். ஒரு முகாமின் சமுதாயக் கூடத்தில் மூன்று வேறு சங்கங்கள் கொடுத்த நோட்டுக் கட்டுகள் பிரிக்காமலே சுவரோரம் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். எல்லாமே நான்கு கோடு நோட்டு. பிளஸ் டூ படிக்கும் பெண், "ரெக்கார்ட் நோட்டுதான் அண்ணா இல்லை" என்றாள்.

இருநூறு குடும்பம் உள்ள இடத்துக்கு நூற்றைம்பது மூட்டை கொண்டுபோனால், நீங்கள் கிளம்பிய பிறகு விடுபட்ட ஐம்பது வீட்டுக்கும் முகாம் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்க வைத்து போட்டோ எடுப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பொருள்தான் சரியான வழி என்று ஆகும் நேரமும் உண்டு. தீப்பிடித்த மறுநாள், புயலுக்கு ஓடு பறந்த வாரம், கடல் கடந்து ஒரு குடும்பம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்த சமயம். அப்போதும் முகாம் தலைவருக்கு ஒரு போன் போட்டு, என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

## நிறுவனத்துக்குப் பணம்

முகாம்களில் நீண்ட நாளாக வேலை செய்யும் அமைப்புகள் சில உண்டு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-இல் தொடங்கியது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் அதைத் தொடங்கினார். பெரும்பாலும் அகதிகளே ஊழியர்களாக இருந்து நடத்துவது அதன் தனித்தன்மை. இயேசு சபையினரின் அகதிகள் பணி அமைப்பு முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்துகிறது.

ஐ.நா. அகதிகள் அமைப்புக்குக் கொடுப்பது தனிக் கணக்கு. கடைத்தெருவில் சிரித்த முகத்தோடு நிறுத்தி மாதச் சந்தா கேட்கும் இளைஞர்களிடம் கையெழுத்துப் போட்ட பலர், அந்தப் பணம் மண்டபத்துக்குப் போகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களை நடத்துவது மாநில அரசு. ஐ.நா. அமைப்பு இந்தியாவில் பதிவு செய்து பார்த்துக்கொள்வது முக்கியமாக ஆப்கானியர், மியான்மரிலிருந்து வந்தவர்கள், ரோஹிங்கியாக்கள்; சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் வருஷக்கணக்காக இருக்கும் ரோஹிங்கியாக் குடும்பங்களும் அதில் சேரும். இலங்கைக்குத் தாமாக விரும்பித் திரும்புபவர்களுக்கும் அந்த அமைப்பு உதவுகிறது. கொடுக்கலாம், தாராளமாக. யாருக்குப் போகிறது என்று தெரிந்து கொடுங்கள்.

எந்த அமைப்பானாலும் மூன்று விஷயம் கேளுங்கள். போன வருஷத் தணிக்கை அறிக்கை, எந்த முகாமில் என்ன வேலை, அந்த வேலையைச் செய்பவர் யார். "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடுபவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: மாலை வகுப்பு எடுக்கும் முகாம் பெண்ணின் சம்பளமும் பல அறிக்கைகளில் நிர்வாகச் செலவு என்ற தலைப்பில்தான் இருக்கும். வரிச்சலுகை வேண்டுமென்றால் ரசீது கேட்டு வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை.

## மாணவருக்குப் படிப்புச் செலவு

எல்லோருக்கும் பிடித்த வழி இதுதான். ஒரு முகம், ஒரு பெயர், வருஷாவருஷம் மார்க் ஷீட். நாளைக்கு ஒரு பட்டதாரி.

சரியாகச் செய்தால் இதைப்போல வேறில்லை. அரசு உதவித்தொகை உண்டு, 2021-இல் அதை உயர்த்தவும் செய்தார்கள். ஆனால் சேர்க்கை நேரத்தில் முதல் தவணை கட்டக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான். பெயிண்டிங் கூலிக்குப் போகும் அப்பாவால் அந்தச் சில நாட்களில் புரட்ட முடியாது. அங்கே ஒரு இருபதாயிரம் கைகொடுத்தால் ஒரு வருஷம் வீணாகாமல் தப்பும். பஸ் பாஸ், விடுதி, பழைய லேப்டாப், தேர்வுக் கட்டணம் என்று அதற்குப் பிறகு வருபவை சில்லறைச் செலவுகள். சில்லறைதான் பிள்ளைகளை நிறுத்துகிறது.

ஆபத்து இரண்டு. முதலாவது, நீங்கள். இரண்டாம் வருஷம் உங்களுக்கு வேலை போகலாம், வீட்டில் மருத்துவச் செலவு வரலாம், ஆர்வம் குறையலாம். பாதியில் நின்ற படிப்புக்குக் கடன் வாங்குவது அந்தக் குடும்பம்தான். தனியாளாக ஏற்றுக்கொள்ளாமல் ஐந்து பேர் சேர்ந்து, நான்கு வருஷப் பணத்தில் பாதியையாவது முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டாவது, படிப்பின் மறுமுனை. "நீ என்ன படிக்கணும்னு ஆசைப்படுறியோ படி" என்பது மற்ற பிள்ளைகளிடம் சொல்ல நல்ல வார்த்தை. இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேசித்தான் ஆக வேண்டும். அரசு ஆசிரியர், போலீஸ், குரூப் தேர்வு எல்லாம் குடியுரிமை கேட்கும். பி.எல். முடித்தாலும் வக்கீலாகப் பதிவு செய்ய வழக்கறிஞர் சட்டம் பொதுவாக இந்தியக் குடியுரிமை கேட்கிறது. மருத்துவ சீட் பெரும்பாடு. கணக்குப்பதிவு, ஏசி மெக்கானிக், சாஃப்ட்வேர், டிசைன் மாதிரி தனியார் பக்கம் கதவு திறக்கும் படிப்பா என்று அந்தப் பிள்ளையோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள். எல்லாம் தெரிந்தும் அந்தப் பிள்ளை சட்டம்தான் படிப்பேன் என்றால், அது அவர் முடிவு. மறைத்துவிட்டுப் படிக்க வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

## நேரமும் தொழிலறிவும்

பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வாரம் இரண்டு மாலை. கேட்க எளிது. செப்டம்பரில் எட்டுத் தன்னார்வலர், டிசம்பரில் இரண்டு பேர் என்று பல இடத்தில் முடிந்திருக்கிறது. மார்ச் தேர்வு வரை வர முடியாது என்றால் ஆரம்பிக்காதீர்கள். முகாமிலேயே பட்டம் முடித்து வேலையில்லாமல் இருக்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அவரை எடுக்கச் சொன்னால் இரண்டு காரியம் ஆகும்.

ஆசிரியரைவிட அங்கே அரிதாகக் கிடைப்பவர் காகிதம் பார்க்கத் தெரிந்தவர். முகாம் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளி டிசியில் இன்னொரு எழுத்துக்கூட்டு, ஆதாரில் இனிஷியல் இடம் மாறி. பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரே இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவது வரை இது ஒவ்வொரு கதவிலும் இடிக்கும்.

இதில் மலையகத்தவர் விஷயம் தனி. இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் முகாம்களில் கணிசம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன மக்களின் வழிவந்தவர்கள் அவர்களில் உண்டு. தாத்தாவின் விண்ணப்ப ரசீதோ, பழைய இந்திய பாஸ்போர்ட்டோ டிரங்குப் பெட்டி அடியில் பாலித்தீன் கவருக்குள் கிடக்கும். அதற்கு என்ன மதிப்பு என்று சொல்ல ஒரு வக்கீல் வேண்டும். பிறந்த தேதியும் அப்படித்தான். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் போய், 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு வழி பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்பது சட்டத்தில் எப்போதோ இருந்த விஷயம். அதைத் தட்டிக் கேட்க ஆள்தான் தேவைப்பட்டது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு போட்ட உத்தரவைப் பற்றி முகாம்களில் நிறையக் குழப்பம். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனைப் பிரிவு பாயாது என்பதுதான் அதன் சாரம். குடியுரிமை கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஓடியது தப்பு. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விளக்கும் வக்கீல், ஐம்பதாயிரம் ரூபாய்க் காசோலையைவிடப் பெரிய உதவி.

உள்ளே போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். முகாம்களுக்கென்றே தனி வருவாய் ஆய்வாளர் உண்டு. கியூ பிராஞ்ச் என்ற மாநில உளவுப் பிரிவுப் போலீஸும் யார், எதற்கு என்று விசாரிக்கும். முறைப்படி போனால் பெரிய தொல்லை இல்லை. அனுமதி இல்லாமல் நுழைந்தால் விசாரணை உங்களோடு நிற்காது, உங்களை அழைத்தவரையும் கூப்பிடுவார்கள்.

## வேலை கொடுப்பது

என் தராசில் இதுதான் மேலே நிற்கிறது. இந்த வழியைப் பற்றிக் கேட்டு எனக்குக் கடிதமே வருவதில்லை.

முகாம் ஆண்களில் ஏராளமானோர் பெயிண்டிங்குக்குப் போகிறார்கள். பொறியியல் முடித்தவரும் போகிறார். காலை ஏழு மணிக்கு முகாம் வாசலில் பைக்கில் இருவர் இருவராகக் கிளம்புவார்கள், பின்னால் இருப்பவர் மடியில் பிரஷ் போட்ட பெயிண்ட் பக்கெட். அவர்களில் ஒருவர் சிவில் டிப்ளமோ. இன்டர்வியூ தேறி, சேரும் தேதியும் சொல்லி, கடைசியில் "முகவரிச் சான்றுல முகாம்னு இருக்கே" என்று ஒரு கட்டுமான நிறுவனம் இழுத்தடித்து விட்டுவிட்டது. அவர் அதே நிறுவனத்தின் அபார்ட்மென்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார்.

தனியார் வேலைக்குப் போவதை மாநில அரசு தடுப்பதில்லை. முகாம் மக்கள் பலரிடம் ஆதார் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாடு அனுப்பும் வேலைக்கு ஆகாது. பி.எஃப்., பின்னணிச் சரிபார்ப்பு போன்றவற்றில் உங்கள் ஆடிட்டரையும் வக்கீலையும் முன்பே கேட்டு ஒரு நடைமுறை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முகாமில் அவ்வப்போது ஆள் தணிக்கை நடக்கும். அன்றைக்கு ஆள் இல்லை என்றால் பணக்கொடை நிற்கலாம், பதிவே சிக்கலாகலாம். அந்த நாளில் விடுப்பு கேட்டால் "அடிக்கடி லீவு போடுறாங்க" என்று எழுதி வைக்காதீர்கள். வெளியூரில் தங்கி வேலை என்றாலும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். முகாமுக்குப் பக்கத்து ஊரில், பகல் ஷிஃப்டில் வேலை கொடுக்க முடிந்தவர்களுக்கு இது ஒரு சிக்கலே இல்லை.

குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் என்று வருபவர்களும் உண்டு. மற்றவருக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுக்க முடியாதென்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

## விழிப்புணர்வு

ஒரு நிகழ்ச்சியால் யாருக்கும் வயிறு நிறையாது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முகாமிலிருந்து வெளியேறி வாடகை வீடு தேடும் குடும்பத்துக்கும், மேலே சொன்ன டிப்ளமோக்காரருக்கும் தடையாக நிற்பது பக்கத்து வீட்டுக்காரரின், எச்.ஆர். அதிகாரியின் அறியாமை. "போர்தான் 2009-லயே முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் இங்க இருக்காங்க?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் ஒரு தெருவின் பேச்சு மாறும். காணி, வீடு, சொந்தம் எதுவும் அங்கே மிச்சமில்லை, பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் கோளாறு. முகாம் சிறுமியை மேடையேற்றி அழவைத்து, வீடியோவை யூடியூபில் போடுவது விழிப்புணர்வு ஆகாது. குடியுரிமை வழக்கு நடக்கும் குடும்பம், இலங்கைக்குத் திரும்ப நினைக்கும் குடும்பம், வகுப்பில் தன் முகவரியைச் சொல்லாமல் மறைத்துப் படிக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் முகம் வெளியே தெரிவது ஒரு செலவு. அந்தச் செலவை அவர்கள் கட்ட, கைதட்டல் நமக்கு.

பேச விரும்பும் பெரியவர் ஒருவரை, போட்டோ இல்லாமல், தகுந்த சம்பாவனை கொடுத்து அழையுங்கள். அல்லது முகாமிலிருந்து யாரையும் அழைக்காமலே ஒரு ஆசிரியர் மண்டபம் முகாமின் கதையை மட்டும் சொன்னாலும் ஒரு வகுப்பு நேரம் போதாது: வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே இடத்தில்தான், பிறகு அங்கிருந்து உயிருக்குத் தப்பி வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

## யார் எதை எடுக்கலாம்

கையில் ஒரு தடவைக்கான பணம், நேரம் இல்லை: நிறுவனத்துக்குக் கொடுங்கள், அடுத்த வருஷமும் கொடுங்கள். ஐந்து நண்பர்கள், நிலையான சம்பளம்: ஒரே ஒரு மாணவர், இரண்டு வேண்டாம். வக்கீல், ஆடிட்டர், தாலுகா ஆபீஸ் நடைமுறை தெரிந்த ஓய்வுபெற்ற அலுவலர்: பணம் தராதீர்கள், காகிதத்தில் உட்காருங்கள். பத்து பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் மற்ற ஐந்தையும் விட்டுவிட்டு ஒருவரை வேலைக்கு எடுக்கலாம். கல்லூரி என்.எஸ்.எஸ். என்றால் நிகழ்ச்சியோடு நிறுத்தாமல், அந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனங்களிடம் "மறுவாழ்வு முகாம் மாணவர்களை எடுப்பீர்களா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

## வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்களுக்கு

கனடா, லண்டன், சிட்னி உறவுகள் கேட்பது இது. உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக ஒரு இந்தியத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, இலங்கை என்று வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் வரும். இந்திய வம்சாவளி என்பதால் விலக்கு இல்லை. அப்போது வாங்கும் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் உள்ள அதற்கான கணக்குக்குத்தான் போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கி இன்னொரு சிறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. "ஊர்ல நண்பர் ஒருத்தர் டிரஸ்ட் வெச்சிருக்கார், அவர் கணக்குக்குப் போட்டுடறேன்" என்று போட்டு, அந்த டிரஸ்ட் மாட்டிக்கொண்டால் அது நடத்தும் மாலை வகுப்பும் சேர்ந்து மூடப்படும். பதிவு எண்ணைக் கேட்டு, அது காலாவதியாகவில்லை என்று உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்த்த பிறகு அனுப்புங்கள்.